பிளாஸ்கில் இருந்த சிவப்பு வேர்: ஒரு சீகோங் குழுவில் நடந்த நிகழ்வின் ஆய்வு

சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், சீகோங் என்ற சீன மூச்சு, அசைவுப் பயிற்சி செய்யும் குழுவில், சுமார் எட்டு மாதங்களில் நடந்தது இது. நான் 34 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் வட்டாரத்து மூத்தோர் நிலையத்தில் இப்போது தொண்டூழியம் செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர், புளோக் எண், மருத்துவமனை எதையும் தரவில்லை. சீன மருத்துவத்தைக் குறை சொல்லவோ ஆங்கில மருத்துவத்தைத் தூக்கிப் பிடிக்கவோ இதை எழுதவில்லை. நடந்ததில் என் பங்கும் உண்டு, அதையும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

குழுவில் சேர்ந்த பெரியவருக்கு வயது 68. லாரி ஓட்டி ஓய்வு பெற்ற தமிழர். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. 12 ஆண்டுகளுக்கு முன் அதை எடுத்துவிட்டு இயந்திர வால்வு பொருத்தினார்கள். அந்த வால்வில் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க, ஆயுள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கப் புதிய மாத்திரைகள் இப்போது வந்துவிட்டன. ஆனால் இயந்திர வால்வுக்கு அவை சரிப்படவில்லை. டபிகாட்ரான் என்ற மருந்தை இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. ஆகவே இவருக்குப் பழைய வார்ஃபரின்தான்.

வார்ஃபரின் கம்பி மேல் நடக்கிற மருந்து. அளவு கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் வால்வில் கட்டி. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான் அளவைத் தீர்மானிப்பார்கள். மருந்தே எடுக்காதவருக்கு அந்த எண் 1 அளவில் இருக்கும். இவருக்கு 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் 2.8, 3.0, 3.1 என்றே நின்றிருக்கிறது. தினமும் 4 மில்லிகிராம்: நீல மாத்திரை ஒன்று, பழுப்பு மாத்திரை ஒன்று.

மனிதர் ஒழுங்கானவர். கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள், ஒரு கிண்ணம், அதற்கு மேல் கீரை கிடையாது. மகள் வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியல் இருந்தாலும், "இந்த வாரக் கணக்கு முடிஞ்சிடுச்சு" என்று தட்டை நகர்த்திவிடுவாராம். இந்த ஒழுங்கை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

எங்களிடம் வருவதற்கு ஓராண்டு முன் மனைவி இறந்துவிட்டார். மகள் அதே வட்டாரத்தில் வேறு புளோக்கில் இருக்கிறார். இவர் தனியாக மூவறை வீட்டில். தூக்கம் போய்விட்டது. இயந்திர வால்வு ஒவ்வொரு துடிப்புக்கும் மூடும்போது 'டிக்' என்று சத்தம் போடும். அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்கும். மனைவி இருந்தவரை அது ஒரு பொருட்டாக இல்லை. "அவ குறட்டையில அது கேக்காது மிஸ்ஸி" என்றார். (இங்கே பழைய ஆட்கள் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.) இப்போது விளக்கை அணைத்ததும் அந்த டிக் மட்டும்தான். அதை எண்ணிக்கொண்டே படுத்திருப்பார். எங்கே நின்றுவிடுமோ என்ற பயம்.

குழு

நிலையத்துக்குக் கீழே தினமும் காலை ஏழு மணிக்கு இருபது பேர்வரை கூடி 'பாதுவான்ஜின்' செய்வார்கள். பெயருக்கு எட்டுத் துண்டுப் பட்டு என்று பொருள். சீகோங் வகைகளில் பரவலானது; சோங் வம்சக் காலத்து எழுத்துகளிலேயே பெயர் வருகிறது. உடலை அசைத்து மூச்சை நெறிப்படுத்தும் வழக்கம் அதைவிடப் பழையது. 1973-இல் சீனாவின் மவாங்துயில் தோண்டிய கல்லறையில் கிடைத்த பட்டுத் துணி ஓவியத்தில் 44 பேர் கையைத் தூக்கியும் குனிந்தும் நிற்கிறார்கள். அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168-இல். 'சீகோங்' என்ற சொல் இன்றைய பொருளில் வழக்கத்துக்கு வந்தது மட்டும் அண்மையில்தான், 1950-களில். 2003-இல் சீன அரசின் விளையாட்டு நிர்வாகம் நான்கு பயிற்சிகளைத் தேர்ந்து ஒரே மாதிரியான வடிவம் கொடுத்துப் பரப்பியது. பாதுவான்ஜின் அதில் ஒன்று.

எங்கள் குழுவை நடத்தும் சீனப் பெண்மணிக்கு 74 வயது. தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எல்லாருக்கும் அவர் 'ஆன்ட்டி'. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம் கொஞ்சம்தான். நம் பெரியவருக்குச் சீனம் தெரியாது. இருவரும் பேசிக்கொள்வது சந்தை மலாயில். அந்தத் தலைமுறைக்கு அது போதும்.

முதல் இரண்டு மாதங்கள்

சேரும்போது வழக்கமான படிவத்தை நான்தான் நிரப்பினேன். என்ன நோய், என்ன மருந்து, ஒவ்வாமை உண்டா, கீழே விழுந்தது உண்டா. வார்ஃபரின் என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். பிறகு ஆன்ட்டியிடம் உட்கார்ந்து எட்டு அசைவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

இரு கையையும் கோத்து வானத்தைத் தாங்குவது, வில்லை இழுப்பது, ஒரு கையை மேலே ஒன்றைக் கீழே தள்ளுவது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. இந்த நாலிலும் பிரச்சினை இல்லை. வால்வு பொருத்த அறுத்த நெஞ்செலும்பு ஆறி வருஷக்கணக்காகிவிட்டது. ஐந்தாவதில் அகலமாகக் கால் வைத்து, தாழ்ந்து, தலையையும் இடுப்பையும் ஆட்ட வேண்டும். ஆறாவதில் குனிந்து பாதத்தைத் தொட வேண்டும். நீர் பிரிய மாத்திரையும் சாப்பிடுகிற மனிதர், தலையைத் தொங்கவிட்டு நிமிர்ந்தால் கிறுகிறுக்கும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் விழுந்து தலையில் அடிபட்டால் சின்ன அடியும் பெரிதாகிவிடும். அதனால் ஐந்தாவதில் தலை நெஞ்சுக்குக் கீழே போகாது என்றும், ஆறாவதில் கை முட்டியோடு நிற்கும் என்றும் வைத்துக்கொண்டோம். ஏழாவதில் முட்டி மடக்கி, கண்ணை விழித்துக் குத்தும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. எட்டாவதில் குதிகாலை ஏழு முறை தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். அதை மட்டும் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு செய்தார்.

ஆன்ட்டிக்கு முதலில் உடன்பாடில்லை. அவர் படித்த பழைய முறையில் கை தரையைத் தொட வேண்டும். ஆனால் நெஞ்சின் தழும்பைப் பெரியவர் காட்டியதும் அவரே, "சரி, முட்டிவரை" என்று கையால் காட்டிவிட்டார்.

எட்டும் முடிந்த பிறகு, இரு கையையும் அடிவயிற்றில் வைத்துக் கண்ணை மூடிச் சில நிமிடம் நிற்பார்கள். தொப்புளுக்குக் கீழே மனத்தை இருத்துவது. பெரியவருக்குப் பிடிக்காத இடம் இதுதான். எல்லாரும் அமைதியானதும் டிக் கேட்கத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் பாதியிலேயே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆன்ட்டி போய் என்னவென்று கேட்டார். அவர் சட்டையைக் காட்டி, "ஜாம்" என்றார். மலாயில் கடிகாரம். ஆன்ட்டி காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். அப்புறம் பெரியவரின் கையை எடுத்து அவருடைய வயிற்றிலேயே வைத்து, நாலு டிக்குக்கு மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி, ஆறு டிக்குக்கு வெளியே விடச் சொன்னார். விரலால் எண்ணிக் காட்டினார். யார் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, அந்த இடத்தில் அவருக்குத் தோன்றியது அது.

எட்டு வாரத்தில் நான் குறித்து வைத்தது: இரவில் நாலைந்து முறை எழுந்தவர் ஒன்றிரண்டு முறைக்கு வந்தார். கல்மேசையை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு குதிகால் தூக்கினார். உணவங்காடிக்குப் போய் ஆன்ட்டியோடும் இன்னும் மூவரோடும் கோப்பி குடிக்கத் தொடங்கினார். இதில் எது சீகோங் செய்தது, எது காலை வெயில் செய்தது, எது நாலு பேர் முகம் பார்த்துப் பேசியது செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நடந்தது நல்லது.

சூப்பு

மூன்றாம் மாதம் ஆன்ட்டி ஒரு பிளாஸ்க் கொண்டுவந்தார். செவ்வாயும் வெள்ளியும். கோழியும் சிவப்புப் பேரீச்சையும் போட்ட சூப்பு, அதில் தாங்குய் என்ற வேரும், டான்ஷென் என்ற வேரும். "இனி பாகுஸ் உந்தோக் ஜந்தோங்." இது இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக் கொடுத்தார்.

அவர் சொன்னது அவர் மரபுப்படி தவறே இல்லை. டான்ஷென் சீன மருத்துவத்தில் ரத்தத்தை ஓடவைக்கும் வகையைச் சேர்ந்தது. நெஞ்சுவலிக்குக் காலங்காலமாகக் கொடுக்கிற வேர். தாங்குய் ரத்தத்தை ஊட்டும், ஓடவும் வைக்கும். வீட்டில் யார் வெளிறி, சோர்ந்து இருந்தாலும் சீனக் குடும்பங்களில் அடுப்பில் ஏறுவது அந்தச் சூப்புதான். மருந்துக் கடையில் கேட்டால் எடை போட்டுப் பொட்டலம் கட்டித் தருவார்கள். காய்கறி வாங்குவது மாதிரிதான்.

நம் பெரியவருக்கு இது அந்நியமாகவும் படவில்லை. சிங்கப்பூரில் எந்த இனத்தவரும் 'ஹீட்டி' என்று ஒரு சொல் சொல்வார்கள், உடம்புக்குச் சூடு. சீனர்களின் சூடு, குளிர்ச்சிக் கணக்கு நம் வீட்டுக் கணக்கோடு எல்லா இடத்திலும் ஒத்துப் போகாது. ஆனாலும் உணவே உடம்பைத் திருப்பும் என்ற நினைப்பு இருவருக்கும் பொது. அவருடைய அம்மா சளிக்கு மிளகு ரசமும் சூட்டுக்கு வெந்தயமும் கொடுத்து வளர்த்தவர். மனைவி போன பிறகு, தனக்கென்று ஒருவர் அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொண்டுவருவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் அந்தப் பிளாஸ்கைப் பார்த்தேன். தாங்குய்க்கு ஒரு தனி வாசம் உண்டு, செலரித் தண்டு மாதிரி, கொஞ்சம் காரமாக. மூடியைத் திறந்தால் பத்தடி தள்ளி வரும். அது என்னவென்று எனக்குத் தெரியும். நல்ல வாசம் என்று நினைத்துக்கொண்டு வருகைப் பதிவை எடுக்கப் போய்விட்டேன். கோடு போட்டு எழுதிய வார்ஃபரினையும் அந்த வாசத்தையும் என் மூளை ஒன்றாகச் சேர்க்கவில்லை.

ஏறி இறங்கிய எண்கள்

இதற்குப் பிறகு நடந்தது முழுவதையும் பின்னால்தான், அவருடைய பதிவுப் புத்தகத்தை வைத்துக் கோத்தேன்.

நான்காம் மாதம் பரிசோதனையில் ஐ.என்.ஆர். 3.9. கிளினிக்கில் கேட்டார்கள்: மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டீர்களா? கீரை குறைந்ததா? வேறு மருந்து ஏதாவது? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வாரத்தில் நாலு நாள் 3 மில்லிகிராம், மூன்று நாள் 4 என்று குறைத்தார்கள். இரண்டு வாரத்தில் 3.2. எல்லாருக்கும் நிம்மதி. உண்மையில் அந்த அளவு சூப்போடு சேர்த்துச் சரியான அளவு.

ஐந்தாம் மாதம் ஆன்ட்டி ஜொகூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். மருமகளுக்குப் பிரசவம். மூன்று வாரம் சூப்பு இல்லை. அடுத்த பரிசோதனையில் எண் 1.9. இயந்திர மைட்ரல் வால்வு உள்ளவருக்கு அது பயமான எண். கிளினிக் மறுபடி 4 மில்லிகிராமுக்கு ஏற்றி, இரண்டு வாரத்தில் வரச் சொன்னது.

அந்த வாரமே ஆன்ட்டி திரும்பி வந்தார். மூன்று வாரம் விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவருக்கு. இந்த முறை வேர்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, தினமும் வீட்டிலேயே காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். பெரியவர் ஒழுங்கானவர் என்றேனே. ஒரு நாள்கூட விடவில்லை.

பன்னிரண்டாம் நாள்

அன்று காலைப் பயிற்சிக்கு வந்தபோதே முழங்கையின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறம். எங்கே இடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். இதற்கே நான் அவரை அனுப்பியிருக்க வேண்டும். இன்று மாலை கிளினிக்குக்கு போன் செய்வோம் என்று சொல்லிவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தோம். ஆறாவது அசைவில், முட்டியளவு குனிந்து நிமிர்ந்தவரின் மேலுதட்டில் ரத்தம்.

உட்காரவைத்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்பகுதியை அழுத்திப் பிடித்தோம். பத்து நிமிடத்தில் நிற்க வேண்டியது இருபத்தைந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வரவழைத்தோம். மருத்துவமனையில் ஐ.என்.ஆர். 6.3.

மூக்கில் துணி அடைத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். வார்ஃபரினை நிறுத்தி, தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் கே கொடுத்தால் எண் சட்டென்று இறங்கும்தான், ஆனால் செயற்கை வால்வு உள்ளவருக்கு அடியோடு இறங்கிப் போனால் அதுவே ஆபத்து. ரத்தம் நின்றுவிட்டதால் கொடுக்காமல் காத்திருந்தார்கள். அங்கேயும் கேள்வி கேட்கப்பட்டது: வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? இல்லை. மூன்றாம் நாள் எண் 3.3-க்கு வந்ததும், தினம் 3 மில்லிகிராம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிளாஸ்க்

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் அடுக்களையிலிருந்து, "உக்காருங்க மிஸ்ஸி, வர்றேன்" என்றார். அடுப்பில் சின்னப் பானை. பக்கத்தில் கழுவாத பிளாஸ்க், உட்புறம் செங்காவி படிந்திருந்தது. அடியில் நாலைந்து வேர்த்துண்டுகள், செங்கல் நிறத் தோலோடு. 'டான்' என்றால் சிவப்பு. டான்ஷென் என்ற பெயரே அந்த நிறத்தால் வந்தது.

இது எத்தனை நாளாக என்று கேட்டேன். சொன்னார். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். மகள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"மருந்து சாப்பிடுறீங்களான்னுதான் கேட்டாங்க. இது மருந்து இல்லையே, சூப்புதானே."

ஆன்ட்டியும் அவரிடம் அதையேதான் சொல்லியிருக்கிறார். "உபாட் புக்கான், சூப் சாஜா." மருந்தல்ல, வெறும் சூப்பு.

டான்ஷென், வார்ஃபரின் சிக்கல் மருத்துவத்துக்குப் புதிதல்ல. வார்ஃபரின் சாப்பிட்ட இதய வால்வு நோயாளிகள் சிலருக்கு டான்ஷென் குடித்த பிறகு ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போனதை 1990-களிலேயே ஹாங்காங் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வார்ஃபரின் உடலைவிட்டு வெளியேறும் வேகத்தை டான்ஷென் குறைப்பதாக எலிகளில் செய்த சோதனைகளும் காட்டின. சீன மருத்துவமும் தன் மொழியில் அதே எச்சரிக்கையை வைத்திருக்கிறது. ரத்தத்தை ஓடவைக்கும் வேர் என்று அது பெயர் கொடுத்திருக்கும்போது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது கூடுமா என்ற கேள்வி தானாக வர வேண்டும். படித்த சின்சே, அதாவது சீன மருத்துவர், யாரும் அதைக் கேட்டிருப்பார். எங்கள் கதையில் சின்சே யாருமே இல்லை. அன்பான பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலை முதலில் செய்தது சூப்பைக் கொட்டியது இல்லை. கிளினிக்கின் மருந்தாளருக்குப் போன் செய்தது. காரணம் இதுதான்: மருத்துவமனை எழுதிக் கொடுத்த 3 மில்லிகிராம், சூப்பு குடிக்கிற உடம்பைப் பார்த்து எழுதியது. சூப்பை நிறுத்திவிட்டு அந்த அளவிலேயே விட்டால் எண் மறுபடி 2-க்குக் கீழே போகும். இந்த முறை மூக்கில் ரத்தம் வராது, வால்வில் கட்டி வரும், அது மூளைக்குப் போகும். மூலிகையால் ஆபத்து என்று தெரிந்ததும் வீட்டார் உடனே நிறுத்திவிடுவார்கள், நிறுத்தியதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். தொடங்கியதைச் சொல்லாததைப் போலவே இதுவும் கெடுதல். மருந்தாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டாக்டரிடம் பேசிவிட்டு, சூப்பு அறவே கூடாது, மாத்திரை பழையபடி 4 மில்லிகிராம், நாலாம் நாள் ரத்தப் பரிசோதனை என்றார்.

இரண்டாவது முடிவு சீகோங்கைப் பற்றியது. மகளுக்குக் கோபம். "இனிமே அந்தச் சீனக் கூட்டமே வேணாம்ப்பா" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. அம்மாவை இழந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால் மூக்கில் ரத்தம் வந்தது குனிந்ததால் அல்ல, 6.3-ஆல். பயிற்சியை நிறுத்தினால் தூக்கமும் நடமாட்டமும் மறுபடி போய்விடும். எண் இரண்டு முறை தொடர்ந்து 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் வரும்வரை காத்திருப்பது, அப்புறம் ஆறாவது அசைவை முழுவதும் விட்டுவிட்டுத் தொடங்குவது என்று மூவரும் பேசி முடித்தோம்.

மூன்றாவது, சீன மருத்துவத்தை அவரிடமிருந்து முற்றாகப் பிடுங்குவதில்லை. அவருக்கு அதில் நம்பிக்கை வந்துவிட்டது. வேண்டாம் என்றால் மறைத்துச் செய்வார். சிங்கப்பூரில் 2000-இல் சட்டம் வந்து, 2001 முதல் அக்குபஞ்சர் செய்பவர்களும் அடுத்த ஆண்டிலிருந்து சீன மருத்துவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றாகிவிட்டது. பதிவு பெற்ற ஒரு சின்சேயிடம், ஐ.என்.ஆர். புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, மகளோடு போகச் சொன்னேன்.

அந்தச் சின்சே நாடி பார்க்க மூன்று விரலை வைத்துக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பது. புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். குடிக்க எதுவும் தர மாட்டேன் என்றார். இந்த எண்ணை வைத்துக்கொண்டு அக்குபஞ்சர் ஊசியும் குத்த மாட்டேன் என்றார். தூக்கத்துக்காகக் காதில் சில புள்ளிகளில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய விதைகளைப் பிளாஸ்திரியால் ஒட்டி, இரவில் அழுத்திவிடச் சொன்னார். மகள் வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் போன் செய்து, "டாக்டர்ங்க கேக்காததை இவர் கேட்டாரு" என்றார்.

பின்பு நடந்தவை

நாலாம் நாள் 2.4. அடுத்த வாரம் 2.8. மூன்றாம் வாரம் 3.0. ஐந்து வாரம் கழித்துக் குழுவுக்குத் திரும்பினார்.

ஆன்ட்டி அதற்குள் வருவதை நிறுத்திவிட்டிருந்தார். நான் போய்ச் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்த பொட்டலங்களை எல்லாம் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கை நடுங்கியது. இரண்டு வாரம் குழுவை வேறொருவர் நடத்தினார். அப்புறம் ஒரு நாள் பெரியவரே முறுக்குப் பொட்டலத்தோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. அடுத்த திங்கள் இருவரும் ஒரே மின்தூக்கியில் இறங்கி வந்தார்கள்.

சூப்புக்குப் பதில் வேறு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஆன்ட்டிக்கு ஆசை. கோஜி பெர்ரி போட்ட தேநீர் சரியா என்று இந்த முறை முதலில் என்னிடம் கேட்டார். நான் சரியென்றுதான் சொல்லப் போனேன். எதற்கும் மருந்தாளரைக் கேட்போம் என்று கேட்டதில், அதுவும் வார்ஃபரினோடு சேர்ந்து எண்ணை ஏற்றியதாகப் பதிவுகள் உண்டு, வேண்டாம் என்றார். கடைசியில் பார்லித் தண்ணீர்.

மாற்றிக்கொண்டவை

படிவத்தில் 'வேறு மருந்துகள்' என்ற வரியை எடுத்துவிட்டேன். மக்கள் மனத்தில் மருந்து என்பது மாத்திரையும் ஊசியும்தான். கஷாயம், சூப்பு, லேகியம், ஊறவைத்த தண்ணீர் எதுவும் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. இத்தனை ஆண்டு தாதியாக இருந்தும் இதை நான் யோசித்ததே இல்லை. இப்போது கேட்பது: "காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன குடிக்கிறீர்கள்?" பதிலை அவர் சொல்கிற பெயரிலேயே எழுதிக்கொள்கிறோம். பெயர் தெரியாவிட்டால் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்கிறோம். வார்ஃபரின், சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி கேட்கிறோம், ஏனென்றால் சூப்பு சேர்ந்த பிறகுதான் வந்தது. உடம்பில் காரணம் தெரியாத கன்றல் தெரிந்தால் அன்று பயிற்சி இல்லை, மாலைவரை காத்திருப்பதும் இல்லை.

ஆன்ட்டி படிவத்துக்கெல்லாம் காத்திருப்பதில்லை. புதிதாக யார் வந்தாலும், முதல் அசைவைச் சொல்லிக் கொடுக்கும் முன் அவரே கேட்டுவிடுகிறார்: "ஹாரி ஹாரி மினும் ஆப்பா?" தினமும் என்ன குடிக்கிறீர்கள்? அந்தக் கேள்வியைக் குழு முழுவதும் கேட்டுப் பார்த்த வாரம், பாதிக்கு மேற்பட்டவர்களிடமிருந்து படிவத்தில் இல்லாத ஏதோ ஒன்று வெளியே வந்தது. ஒரு மலாய்க்கார அம்மா ஜாமு என்ற மூலிகைப் பானம் குடிக்கிறார். ஒருவர் ஜின்செங் துண்டை வாயில் அடக்கிக்கொள்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறும் குடித்துவிட்டு வருகிற நம்மூர்ப் பெண்மணி ஒருவர் உண்டு. மூன்றாவது அசைவில் அவருக்கு ஏன் அடிக்கடி கண் இருட்டுகிறது என்று மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தோம்.